நாலு பேர் கட்டிப்பிடிக்கும் மரம்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பஸ். மழைக்கு ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டார்கள். கொஞ்சம் தூங்கலாம் என்று கண்ணை மூடினேன். முன் சீட்டு அம்மா தன் கணவரிடம் சொன்னது தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

"ஏனுங்க, அந்தத் தம்பியை நீங்க கூப்புட்டிருக்க வேண்டாமுங்க."

"வேறென்ன பண்றது புள்ள? வருசா வருசம் பார்க்குக்கு வந்தா அந்தப் பெரிய மரத்தைச் சுத்திக் கைகோத்து நிக்கறோம். நாலு பேரு இருந்தாத்தான் கை எட்டும். அதான் பக்கத்துல நின்னவனைக் கூப்புட்டேன்."

மூன்றாவது ஆள் அவர்கள் மகள். ஜன்னலோரம், காதில் ஹெட்போனோடு, கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டாட்டிப் போகுதுங்க. அது நம்ம பையன் நிக்கற எடம். அவன் தவறி ஒரு வருசங்கூட ஆகல."

இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டியபிறகு அவர் கேட்டார்.

"அந்தத் தம்பி ஏதாச்சும் தப்பா நடந்துக்கிட்டானா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க. நீங்களும் பாப்பாவும் கையை விட்டுட்டுத் தள்ளிப் போயிட்டீங்க. நான் விடல. அவனும் விடாம அப்படியே நின்னான். அத்தாத்தண்டி மரத்துக்கு அந்தப்பக்கம் ஆளு எங்க தெரியுது? கை மட்டுந்தான் தெரியுது. சூடா, நம்மவன் கையாட்டமே இருந்துச்சு."

"அப்புறம்?"

"'போதுங்களாம்மா'ன்னு கேட்டான். அதை மட்டும் அவன் கேக்காம இருந்திருக்கலாமுங்க."