இன்னும் ஒரு அடி

உங்கள் மேசையில் தூசி அதிகம். குறையாகச் சொல்லவில்லை, பெரும்பாலான மேசைகள் அப்படித்தான் இருக்கின்றன.

என் மனைவி இறந்ததை விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டீர்கள். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள், எழுதுகிறேன். படித்தவன்தான், உங்கள் எழுத்தர் பிழை திருத்தச் சிரமப்பட வேண்டாம்.

கட்டி முடித்த வீடுகளைப் படம் எடுப்பது என் தொழில். மனிதர்களை எடுப்பதில்லை. நேராக நிற்கத் தெரியாதவர்கள். சுவர் நேராக நிற்கும், ஆனால் சாதாரண லென்ஸ் அதையும் சாய்த்துவிடும். கேமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் குடிகாரன் மாதிரிப் பின்னால் சரியும். நான் உங்களிடம் ஒப்படைத்திருக்கும் கறுப்புப் பெட்டியில் இருப்பது டில்ட்-ஷிப்ட் லென்ஸ். கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்தலாம். ஓர் அறையின் நான்கு மூலைகளையும் கிட்டத்தட்ட அள்ளிவிடும். சுவர் சுவராகவே நிற்கும்.

அதற்கு ஒரு பலவீனம் உண்டு. முன்கண்ணாடி விழி பிதுங்கியது போல வெளியே புடைத்திருக்கும். அதன் மேல் பாதுகாப்புக் கண்ணாடி எதையும் திருக முடியாது. வெயில் மறைப்பும் கிடையாது. ஒரு மூடி உண்டு, அவ்வளவுதான். மூடியைக் கழற்றிய நேரமெல்லாம் அதற்கு என்னைத் தவிர யாரும் இல்லை.

என் மனைவி என்னோடு வேலைக்கு வருவாள். மெத்தையின் சுருக்கத்தை நீவுவாள், குழாயைத் துடைப்பாள், நாற்காலிகளை ஒரே இடைவெளியில் வைப்பாள். நன்றாகவே செய்வாள். அதை மறுக்கவில்லை.

அவளுடைய தம்பி கல்யாணங்களைப் படம் எடுப்பவன். வெளிச்சம் என்றால் சுவிட்சைப் போடுவது என்று நினைப்பவன். நான் வெளியூர் போயிருந்தபோது லென்ஸை இரண்டு நாளுக்கு அவனிடம் கொடுத்திருக்கிறாள். செருப்போடு ஒரே பையில் திரும்பி வந்தது. கண்ணாடியில் கட்டைவிரல் ரேகை. நான் பார்ப்பதற்குள் சரி செய்துவிடலாம் என்று சட்டை நுனியால் துடைத்திருக்கிறாள். துணியில் ஒரு மணல் துகள் இருந்திருக்க வேண்டும். கண்ணாடியின் ஓரத்தில் முடியளவு ஒரு கீறல்.

"கண்ணாடிதானேங்க. படத்துல தெரியுதா?" என்று கேட்டாள்.

தெரியவில்லை. தெரிந்திருந்தால் மற்றவர்களும் பார்த்திருப்பார்கள். இப்போது அது எனக்கு மட்டும் தெரியும் கீறல். பதினோரு நாள் அவளோடு பேசவில்லை. கோபத்தினால் அல்ல, சொல்ல எதுவும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் சமையலறையில், நான் வந்தது தெரியாமல், ஜன்னல் பக்கம் திரும்பித் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அந்த லென்ஸை நீயே எடுத்துட்டுப் போயிடுடா. மாமா ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பார், அப்புறம் சரியாயிடுவார். அது வீட்டுல இருக்கற வரைக்கும் எனக்குப் புருஷன் இல்லடா."

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வெளியே வந்தேன்.

நான்கு நாள் கழித்து, பன்னிரண்டாம் மாடியில் ஒரு வீடு. பால்கனிக்குத் தடுப்புக் கண்ணாடி இன்னும் வந்திருக்கவில்லை. எச்சரிக்கைக்காகக் கட்டியிருந்த சிவப்பு நாடாவைப் படத்துக்காக நானே அவிழ்த்தேன். கேமராவைப் பால்கனியில் நிறுத்தி, ஹாலைப் பார்க்க வைத்தேன். இடப்பக்கத்திலிருந்து காலை வெயில் முன்கண்ணாடியில் விழுந்தது. இப்படி விழுந்தால் படம் வெளுத்துவிடும். கறுப்பு அட்டையைப் பிடித்து வெயிலை மறைக்கச் சொன்னேன். வீட்டைப் பார்த்தபடி, விளிம்புக்கு முதுகு காட்டி நின்றாள்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. அட்டை பிடிப்பவருக்குப் படம் தெரியாது. ஆகவே அவர் திரும்பிப் பார்ப்பதில்லை, கேமராவுக்குப் பின்னால் இருப்பவர் சொல்லச் சொல்ல நகர்வார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருவர்தான் பார்க்கிறார். நான்கு வருடமாக என் குரலைக் கேட்டுத்தான் அவள் கால் வைத்தாள். ஒருமுறைகூட எதிலும் இடித்ததில்லை.

அட்டை தெரியுது, பின்னால் போ என்றேன். போனாள். இன்னும் என்றேன். போனாள்.

"போதுமாங்க?"

திரையைப் பார்த்தேன். அட்டை படத்தை விட்டு வெளியேறி இரண்டு அடி ஆகியிருந்தது.

"இன்னும் ஒரு அடி," என்றேன்.

அவள் சத்தம் எதுவும் போடவில்லை. அட்டை மட்டும் கொஞ்ச நேரம் காற்றில் மிதந்தது. நான் முதலில் லென்ஸின் மூடியைப் போட்டேன், பிறகு காவலாளியைக் கூப்பிட்டேன். அங்கே வந்த உங்கள் உதவி ஆய்வாளர், அதிர்ச்சியில் கை தானாக வேலை செய்யும் என்று பரிவோடு சொன்னார். தானாக ஒன்றும் செய்யவில்லை. வெயிலில் புழுதி பறந்துகொண்டிருந்தது.

கட்டடக்காரரும் பரிவு காட்டினார், படங்கள் இப்போது வேண்டாம் என்றார். மூன்றாம் நாளே அனுப்பினேன். நன்றாக வந்திருந்தன. அவர் தன் இணையப் பக்கத்தில் போட்டார். அங்கேதான் மைத்துனன் பார்த்திருக்கிறான்.

அவள் இறந்த பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தான். கண் வீங்கியிருந்தது. போனில் படத்தைப் பெரிதாக்கி என்னிடம் நீட்டினான்.

"மாமா, வெயில் இந்தப் பக்கத்துல இருந்துதானே?"

ஆமாம் என்றேன்.

"லென்ஸுக்குப் பக்கத்துல உள்ளங்கையை நீட்டினாலே நிழல் விழுந்திருக்குமே. அக்கா ஏன் அவ்வளவு தூரம் போனா?"

முட்டாள் என்று நினைத்திருந்தேன். பாதி முட்டாள்தான். வேறு யாரும், நீங்கள் உட்பட, இதைக் கேட்கவில்லை. வெயிலை மறைக்க அட்டையும் தேவையில்லை, ஆளும் தேவையில்லை. என் இடது கை கால்சட்டைப் பையில் சும்மா இருந்தது.

அவன் குளியலறைக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினான். திரும்பி வந்தபோது வேறு ஆளாக இருந்தான்.

"அந்த லென்ஸைக் குடுத்துடுங்க மாமா. அக்கா எனக்குன்னு சொன்னதுதான். குடுத்துட்டீங்கன்னா நான் எதுவும் கேக்கல, எதுவும் பாக்கல."

இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாளும் சட்டத்தைப் படித்தேன். கொலை வழக்கில் சான்றுப் பொருளுக்கு முத்திரை வைப்பீர்கள். தீர்ப்பு வரும் வரை உறவுக்காரன் எவனும் அதைத் தொட முடியாது. வழக்குகள் எத்தனை வருடம் இழுக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

ஆகவே எழுதுகிறேன்: அவள் விளிம்பில் நிற்பது தெரிந்தே அந்த ஒரு அடியைச் சொன்னேன். அவள் விழ வேண்டும் என்றுதான் சொன்னேன். தனியாகச் செய்தேன். என்னை யாரும் தூண்டவில்லை. முத்திரை அரக்கைப் பெட்டியின் மேல் வையுங்கள், லென்ஸின் மேல் வேண்டாம். உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் போட்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

மைத்துனன் என்னைப் பார்க்க வந்தால் அனுமதிக்க வேண்டாம். கூடப் பிறந்த அக்காவை ஒரு லென்ஸுக்காக விட்டுக்கொடுத்தவன். அப்படிப்பட்டவனின் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.