மிஞ்சிய ஒரு சட்டம்

கனடாவில், வெக்ஸ்போர்ட் தாண்டிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“அமெரிக்கா புது நாடா இருக்கேக்கை பிரான்ஸுக்குப் பயந்து நாலு சட்டம் போட்டவங்கள், அக்கா. மூண்டு செத்திட்டுது. ஒண்டு இன்னும் உயிரோடை கிடக்கு.”

“அதுக்காக நியூ ஜேர்சிக்கு, தம்பியின்ரை கலியாணத்துக்குப் போகாமல் விடுறியோ?”

“அந்தச் சட்டத்தாலை எதிரி நாட்டிலை பிறந்தவையைப் பிடிக்கலாமாம்.”

“உன்னட்டைக் கனடாப் பாஸ்போட் கிடக்கெல்லோ?”

“அதிலை பிறந்த இடம் யாழ்ப்பாணம். ஆர் எதிரி எண்டதை அவங்கள்தானே சொல்லுவாங்கள்.”

“இருநூறு வருசத்துக்கு முந்தின சட்டத்துக்கு ஆரும் பயப்பிடுவினமோ?”

“பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் கொஞ்சக் காலத்துக்கெண்டுதானே எங்கட நாட்டிலை கொண்டுவந்தவங்கள்? அண்ணாவை அதிலைதானே பிடிச்சவங்கள்?”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு தங்கையின் காதருகே குனிந்தாள்.

“மெல்லக் கதை. பின்னாலை ஒரு தமிழ் ஆள் இருக்கு.”