உளைக்கொல்லை அகத்தி

ஆமாங்க, நாந்தான் அஞ்சுகம். சரியாத்தான் வழி கேட்டு வந்திருக்கீங்க. அந்தப் பெட்டிய வரப்புல வைங்கண்ணே, ஏன் கையிலயே வச்சுக்கிட்டு நிக்கிறீங்க. அய்ய, அங்க கால வைக்காதீங்க, முழங்கால் வரைக்கும் உள்ள இழுத்துரும். இது மண்ணே இல்லீங்க. கோரையும் நாணலும் காலங்காலமா அழுகி மக்குன உளை. கோடையில காஞ்சுதுன்னா ஒரு பீடி நெருப்பு போதும், உள்ளுக்குள்ளயே மாசக்கணக்குல பொகையும்.

ஒக்காருங்க. என்ன சேதின்னு அப்பறம் சொல்லலாம், ஒண்ணும் அவசரமில்ல.

எங்க வூட்டுக்காரரு ஆசப்பட்டு வாங்குன கொல்லைங்க. திருமலைராயன்பட்டினத்துல வேற யாரும் இத சீந்தல. நெல்லு போட்டாரு, அழுகிருச்சு. கேவுரு போட்டாரு, மஞ்சப் பூத்துப் போச்சு. அப்பறம் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துக்கு ஆளு எடுக்குறான்னு சைகோனுக்குக் கப்பலேறிட்டாரு. ரெண்டே வருசத்துல வந்துர்றேன்னாரு. ஒம்பது வருசமாச்சு. போன ஐப்பசியில பிரெஞ்சுக்காரனே கொடிய எறக்கிட்டுப் போயிட்டான், இவரக் காணும்.

அகத்தி நா வச்சதுங்க. பட்டினச்சேரி கடக்கரையிலேர்ந்து கூடை கூடையா மணலு சொமந்து மேடு கட்டுனேன். அடுப்புச் சாம்பலு கலந்தேன், அப்பத்தான் இந்த உளையோட புளிப்பு அடங்கும். மொத வருசம் தழைக்கு ஆசப்பட்டு அடியோட வெட்டிட்டேன். ஒண்ணுகூடத் துளிர்க்கல. நெஞ்சொசரத்துக்கு மேலதான் ஒடிக்கணும்னு பட்டுத்தான் தெரிஞ்சுது. இப்ப தாவூது மரைக்காயரு ஆட்டுக்கெல்லாம் இங்கேர்ந்துதான் தழை போவுது.

வித்துட்டுப் போலாமேங்கிறீங்களா? பத்திரம் அவரு பேருல இருக்கு. அவரு வந்து கையெழுத்துப் போடணும், இல்ல அவரு இல்லேன்னு காயிதம் காட்டணும். நாகப்பட்டினத்துலேர்ந்து எங்கண்ணன் வா வான்னு கூப்புடுது. நா போன மறுநாளு இவரு வந்து நின்னா? போவவும் முடியல, இருக்கவும் முடியல. எனக்கு வெறுத்துப் போச்சுங்க.

நாளைக்கு ஆடி அமாவாச. செத்தவங்கள நெனச்சுப் பசுவுக்கு அகத்தி குடுக்க ஊரே எங்கிட்டதான் கட்டு வாங்கும். நா மட்டும் இந்த ஒம்பது வருசத்துல ஒரு பசுவுக்கும் ஒரு கொத்து நீட்டுனதில்ல. எம் வூட்ல யாரு செத்தா, சொல்லுங்க.

இல்ல, சொல்லாதீங்க.

அந்தப் பெட்டி மூல நசுங்கியிருக்குல்ல? அவரு கப்பலுக்குக் கெளம்புன அன்னிக்கு வண்டியிலேர்ந்து நாந்தான் கீழ போட்டேன். போவாதீங்கன்னு சொல்ல வாயி வரல, பெட்டியப் போட்டேன். நீங்க வரப்புல ஏறுறப்பவே பாத்துட்டேங்க.

இந்தாங்க, இந்த அகத்திக் கட்டப் புடிங்க. காலையில கோயில் வாசல்ல பசு நிக்கும். பேரச் சொல்லிக் குடுக்கணும். நா அவரு பேர எம் வாயால சொன்னதில்ல. ஒங்களுக்குத் தெரியுமில்ல, நீங்களே சொல்லிக் குடுத்துருங்கண்ணே.