எண் போடாத நான்கு படங்கள்

இந்த மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது, மேடம். நிறுத்திவிட்டால் நான் சொல்வது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். எனக்கொன்றும் வியர்க்காது. இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் பத்தொன்பது வருடம் நின்றவன் நான்.

பெயர் மாதேஸ்வரன். சொந்த ஊர் போச்சம்பள்ளிப் பக்கம், அங்கே எங்களுக்கு நிலம் இருக்கிறது. ஓசூரில் இந்தக் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். ரூபாவின் விபத்துக்குக் காரணம் படம் வரைந்தவனின் கவனக்குறைவு என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். படம் வரைந்தவன் இளம்பரிதி. அந்த வரியைத் திருத்தத்தான் நானாகவே வந்திருக்கிறேன்.

ஒரு புத்தகத்திலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும். ஒகாதா சான் என்று ஜப்பானிலிருந்து ஓர் ஆலோசகர் எங்களிடம் ஏழு வருடம் இருந்தார். அவருக்காக நான் என் சொந்தச் செலவில் ஜப்பானிய வகுப்புக்குப் போய் இரண்டு பரீட்சை எழுதித் தேறினேன். போன வருடம் ஊருக்குத் திரும்பும்போது அவர் எனக்கு ஒரு காலண்டர் கொடுத்தார். இளம்பரிதிக்கு, தன் பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு புத்தகம் கொடுத்தார். சாமுராய் படக்கதை, முதல் பாகம். பெரியவர்களுக்கு மட்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. அவன் அதற்குப் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் மாதிரி பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு வைத்துக்கொண்டான்.

இளம்பரிதி யார் என்று கேட்பீர்கள். டிப்ளமோ படித்த டெக்னீஷியன், இருபத்தேழு வயது. அவன் அப்பன் சென்றாயன் எங்கள் நிலத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவன். என்னைவிட இருபது வயது மூத்தவன், நல்லவன், தன் இடம் தெரிந்தவன். மகன் என்னை 'சார்' என்பான். அதைச் சொல்லும்போது நேராகக் கண்ணைப் பார்ப்பான்.

அந்தப் புத்தகத்தை நானும் ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். கம்பெனிக்குள் கொண்டுவரத் தக்கதுதானா என்று பார்ப்பது என் பொறுப்பு. கதை இவ்வளவுதான். நானூறு வருடத்துக்கு முன் ஒரு கோட்டை. எஜமானின் மகன் குடிவெறியில் ஒரு பெண்ணைக் கொன்றுவிடுகிறான். குதிரைக்குப் புல் போடும் சிப்பாய் ஒருவன், நான்தான் செய்தேன் என்று முன்னால் வந்து மண்டியிடுகிறான். ஊரே அவனைக் கும்பிடுகிறது. நடுநடுவே குளியல் காட்சிகள், வெட்டுப்பட்ட கழுத்துகள். செய்யாத காரியத்துக்குப் பெருமை வாங்கிக்கொள்ளும் ஒரு வேலைக்காரனை வீரனாக்க இருநூறு பக்கம் மை செலவழித்திருக்கிறார்கள். மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் எனக்கு அதே அபிப்பிராயம்தான்.

ஜப்பான்காரர்கள் புத்தகத்தை நமக்குக் கடைசிப் பக்கமாகத் தெரிவதிலிருந்து தொடங்குவார்கள். கட்டம் கட்டமாக இருக்கும் படங்களை வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும். இளம்பரிதி சாப்பாட்டு நேரத்திலும் கம்பெனி பஸ்ஸிலும் அதைப் பக்கம் பக்கமாகப் பார்த்து வரைந்து பழகினான். ஒரு வருடத்தில் அவன் கை அந்தத் திசைக்கே போய்விட்டது. இது தெரிந்தவர்கள் எங்கள் ஷாப்பில் இரண்டு பேர். அவனும் நானும்.

ஜனவரியில் ஜப்பானில் இருக்கும் தலைமைத் தொழிற்சாலையில் ஒரு வருடப் பயிற்சிக்கு ஓர் இடம் வந்தது. ஓர் இடம்தான். ஒகாதா சான் அங்கிருந்து இளம்பரிதியின் பெயரை எழுதி அனுப்பினார். அவன் வரைகிறானாம், கவனிக்கிறானாம். என் பெயரை அவர் எழுதவில்லை. எனக்குக் கோபம் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஏழு வருடம் ஒரு மனிதனோடு பழகியும் அவருக்கு ஆள் தெரியவில்லையே என்ற வருத்தம்தான்.

அடுத்த மாதம் நிர்வாகம் ஒரு வேலை கொடுத்தது. பிரஸ்ஸில் தகட்டுத் துண்டு சிக்கினால் அதை எப்படி எடுப்பது என்று படமாக வரைந்து தொங்கவிட வேண்டும். எங்கள் வரிசையில் தமிழ், கன்னடம், தெலுங்கு, ஒடியா எல்லாம் பேசுகிறார்கள். எழுத்து வேலைக்கு ஆகாது. இளம்பரிதி நான்கு படம் வரைந்தான். சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப்பையில் போடு. மேல் அச்சு இறங்காதபடி மஞ்சள் கட்டையை நடுவில் வை. கையை உள்ளே விட்டுத் துண்டை எடு. கட்டையை எடுத்துவிட்டுச் சாவியைப் போடு. அழகாகத்தான் வரைந்திருந்தான். வலமிருந்து இடமாக.

படங்களுக்கு எண் போட்டுக் கையெழுத்து வைப்பது எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசரின் வேலை. வரைந்தவன் எண் போடக் கூடாது. அவன் அன்று மதியமே பாஸ்போர்ட் வேலையாக மூன்று நாள் லீவில் கிளம்பினான்.

"நம்பர் மட்டும் மறக்காம போட்டுடுங்க சார். பழக்கத்துல வலப்பக்கத்துலேர்ந்து வரைஞ்சுட்டேன். நம்பர் இருந்தா யாருக்கும் குழப்பம் வராது."

"போய்ட்டு வாப்பா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

கையெழுத்து வைத்தேன். எண் போடவில்லை. லேமினேட் செய்து ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் தொங்கவிட்டேன். இடமிருந்து பார்க்கிறவனுக்கு முதல் படம் சாவியைப் போடுவது, இரண்டாவது கையை உள்ளே விடுவது. பழைய ஆட்கள் படத்தைப் பார்க்க மாட்டார்கள், அவர்களுக்கு வேலை தெரியும். புதிதாக வருகிற யாராவது குழம்பிப்போய் நிற்பார்கள், படம் லாயக்கில்லை என்று மேலே சொல்லலாம், ஜப்பான் விஷயத்தை மறுபடி யோசிப்பார்கள். அப்படித்தான் கணக்குப் போட்டேன். நான் கொலைகாரன் இல்லை, மேடம்.

ரூபா சேர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அத்திபெலே பக்கத்துக் கன்னடப் பெண், தமிழ் வராது. படத்தை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, உரக்கச் சொல்லி, பிறகுதான் செய்ய வேண்டும் என்பது எங்கள் சட்டம். ஜப்பானிலிருந்து வந்த பழக்கம். பழைய ஆட்கள் முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பெண் கோயிலில் மந்திரம் சொல்வது மாதிரி சொல்வாள். இளம்பரிதி லீவு முடிந்து வருவதற்குள், புதன்கிழமை பதினோரு மணிக்கு ஏழாம் நம்பரில் துண்டு சிக்கி மெஷின் நின்றது. அவள் இடது ஓரத்துப் படத்தைத் தொட்டாள். சாவியைத் திருப்பி மெஷினுக்கு உயிர் கொடுத்தாள். அடுத்த படத்தைத் தொட்டாள்.

"கை ஒளகெ, சரி" என்றாள்.

கை உள்ளே என்கிறாள், எனக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கேமராப் பதிவில் பார்த்திருப்பீர்கள். நான் அதிர்ச்சியில் உறைந்துபோனதாக எழுதப்போகிறீர்களாம். உறையவில்லை. பொத்தானை அழுத்தினால் அது வெறும் குழப்பம், திருத்திவிட்டு மறுபடி தொங்கவிடுவார்கள், இளம்பரிதி விமானம் ஏறுவான் என்று எனக்குத் தோன்றியது. அதை யோசித்து முடிக்க நேரம் இருந்தது. வலது கையில் நான்கு விரல்கள் போயின. கட்டைவிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தது. அவன் பயிற்சி இடத்தை ரத்து செய்தார்கள், வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சென்றாயன் என் வீட்டு கேட்டுக்கு வந்து நின்று, "பையனை ஜெயில்ல போட்ருவாங்களா சாமி" என்றான். பல வருடத்துக்குப் பிறகு அவன் என்னைச் சாமி என்றான். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

அதன் பிறகுதான் கெட்டது. எண் போடாதது நான் என்று இளம்பரிதிக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனோ ஆஸ்பத்திரிக்குப் போய், ரூபாவின் அம்மா சுமலதாவின் காலில் விழுந்தான். நானும் அங்கே இருந்தேன்.

"வலப்பக்கத்துலேர்ந்து வரைஞ்சது நானுங்கம்மா. எப்படிப் பாத்தாலும் புரியற மாதிரி வரைஞ்சிருக்கணும். எங்க சார் மேல தப்பே இல்லீங்க."

நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு என்னைக் காப்பாற்றுகிறான். என்னை. அந்த அம்மாள் அவன் தலையைத் தொட்டுத் தூக்கினாள். கேன்டீனில் இப்போது அவனைப் பற்றித்தான் பேச்சு. எவ்வளவு பெரிய மனசு, இந்தக் காலத்தில் இப்படி ஓர் ஆளா என்கிறார்கள். என்னிடமே வந்து சொல்கிறார்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன்.

நான் இதைச் சொன்னால் அவனுக்கு வேலை திரும்பக் கிடைக்கும், ஜப்பான்கூடக் கிடைக்கும். கிடைக்கட்டும். எண் போடாமல் விட்டது நான், தெரிந்தே விட்டேன். அவள் கை உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்தான். அதில் இளம்பரிதிக்கு எந்தப் பங்கும் இல்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்து வேண்டுமோ வைக்கிறேன்.

ஒன்று மட்டும், மேடம். இதில் சாதி, மேல் கீழ் என்று எதையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள், எனக்கு அந்தப் புத்தி கிடையாது. எங்களுடையதை, அது குற்றமே ஆனாலும், அவன் குடும்பம் எடுத்துக்கொண்டு போக எங்கள் வீட்டில் ஒருநாளும் விட்டதில்லை, அவ்வளவுதான்.