நாள் எண்ணும் காலண்டர்

— அப்ப அந்தக் காலண்டருக்குக் கீழ "இது என் சொந்த வேலை"ன்னு பேரு போட்டது நீங்கதான?

— நாந்தாங்க.

— கோகுல்ராஜ்னு முழுப் பேரும் போட்டு?

— ஆமாங்க சண்முகப்பிரியா. ஆக்சுவலா அது ஒரு ரூல். எங்க புராஜெக்ட்ல ஒரு வரி சேத்தாலும், இத நாந்தான் எழுதினேன்னு கடைசியில கையெழுத்து மாதிரி போடணும்.

— ரூல எனக்குச் சொல்றீங்களா? ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நானும் போட்டேன்ல. எம்பேரு, எங்கூரு கூக்கால் பேரு, ரெண்டும் சேத்து.

— யாத்தாடி! வந்த பிள்ளைய வாசல்லயே நிறுத்தி வச்சு வக்கீலு மாதிரி கேள்வி கேக்கற? உள்ள வாங்க தம்பி. அந்தப் பூண்டுச் சாக்கத் தள்ளி விட்டுட்டு உக்காருங்க. நான் இவ அம்மா, முருகம்மா. இப்பத்தான் காட்டுலருந்து வந்தேன். காப்பி குடிப்பீகல்ல?

— குடிப்பேம்மா.

— எந்த ஊரு தம்பி?

— அட்டுவம்பட்டிங்கம்மா. அங்க வீடெடுத்துத் தங்கி வேல பாக்கறேன். கம்ப்யூட்டர் வேல.

— அந்தச் சோலிதானா? இவளும் முன்னாடி அந்தப் பொட்டியத் தூக்கிக்கிட்டு சிக்னலு சிக்னலுன்னு மேக்காட்டுக்கு ஏறிப் போயிருவா. ரெண்டு வருசமா அதத் தொடுறதே இல்ல. ஏன்டின்னு கேட்டா வாயத் தொறந்தாத்தான!

— அம்மா, நீ உள்ள போம்மா.

— போறேன். எனக்கு வெளங்கற மாதிரி ஒரு வார்த்த சொல்லிட்டாப் போயிருவேன். யாரு எதத் திருடுனது?

— திருட்டுன்னு நான் சொல்லவே இல்லையே.

— நீ சொல்லல. இந்தத் தம்பி மூஞ்சி சொல்லுது.

— நானே சொல்லிர்றேம்மா. கம்ப்யூட்டரத் தொறந்ததும் முன்னாடி ஒரு திரை வரும்ல? அத கம்பெனிக்காரங்ககிட்ட வாங்காம, ஊருலகத்துல இருக்கறவங்க சேந்து சும்மா செஞ்சு குடுத்தது ஒண்ணு இருக்கு. ஓப்பன் சோர்ஸுன்னு சொல்லுவோம். அதுக்கு கடுதாசி எழுத ஒண்ணு, படம் பாக்க ஒண்ணு, பாட்டுக் கேக்க ஒண்ணுன்னு பன்னெண்டு ஆப் வேணும். இதுவரைக்கும் ஆளாளுக்கு ஒண்ணு செஞ்சு, ஒண்ணுக்கொண்ணு ஒட்டாமக் கெடந்துச்சு. நாங்க நாலு வருசமா பன்னெண்டையும் ஒரே சாடையில செய்யறோம்.

— கல்யாணத்துக்கு ஒரே கடையில எடுக்கற பாத்திரச் செட்டு மாதிரி.

— அதேதாம்மா. எனக்கு இத்தன நாளா இப்பிடிச் சொல்லணும்னு தோணல பாருங்க.

— இப்ப எத்தன பாத்திரம் வந்திருக்கு?

— பதினொண்ணு முடிஞ்சுது. பன்னெண்டாவது காலண்டர். நாளைக்கு எல்லாத்தையும் சேத்து வெளிய விடறதா சொல்லியாச்சு.

— அதுல எம்மக என்ன செஞ்சா?

— நான் சொல்றேம்மா. எல்லா காலண்டர்லயும் தேதிதான் இருக்கும். நமக்குத் தேதியா முக்கியம்? பூண்டு ஊணி எத்தன நாளாச்சுங்கறதுதான! ஊணின நாளத் தொட்டா, முப்பதாம் நாள் களையெடுப்பு, அறுபதாம் நாள் ஒரம், நூத்தி இருபதாம் நாள் பிடுங்கறதுன்னு அதுவா எண்ணிச் சொல்ற மாதிரி எழுதினேன். மழைக்காக ஊணுறத நாலு நாள் தள்ளி வச்சா, பின்னாடி இருக்கற எல்லாமும் தானா தள்ளிக்கிரும்.

— நல்லாத்தான இருக்கு!

— எட்டு மாசம் எழுதினேன். கொண்டு போயி இவங்ககிட்ட குடுத்தேன். இவருதான் அங்க தலைவர் மாதிரி. வேணாம்னுட்டாரு. அப்புறம் ஒரு வருசங் கழிச்சு, அதையே எடுத்து, எம்பேர அழிச்சிட்டு, தம்பேரப் போட்டுக்கிட்டாரு.

— அப்ப திருட்டுத்தான!

— எடுத்தது திருட்டில்லம்மா. யாரு வேணா எடுத்துக்கலாம்னுதான் பொதுவுல வைக்கறது. பேர அழிச்சதுதான். சரி, அது கெடக்கட்டும். இன்னிக்கு எதுக்கு வந்தீங்க? அதச் சொல்லுங்க.

— முந்தாநாள் ஜெர்மனிலருந்து ஒருத்தங்க, எல்லாரும் பாக்கற எடத்துல கேட்டுட்டாங்க. முன்னாடி ஒரு தடவ இதே மாதிரி வந்துச்சே, வரிக்கு வரி ஒத்துப்போகுதே, அத எழுதினவங்க சம்மதிச்சாங்களான்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— விசாரிச்சுச் சொல்றேன்னு எழுதினேன்.

— யாரை விசாரிக்க? உங்களையேவா?

— சிரிங்க. சிரிக்கலாம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் போடணும். இல்லன்னா காலண்டர எடுத்துருவாங்க. இருநூறு பேரு நாலு வருசமா சும்மா பாத்த வேல, என்னால கொறையாப் போயிரும். என்னையும் வெளிய போன்னுருவாங்க.

— அதனால "நான் சம்மதிச்சுத்தான் குடுத்தேன்"னு ஒரு வரி நான் எழுதணும்.

— ஆமாங்க. மறைக்க என்ன இருக்கு. அதுக்குத்தான் வந்தேன்.

— மன்னிப்புக் கேக்க வரல.

— அதுவுந்தாங்க. கேக்கணும்னுதான்...

— இருங்க. மொதல்ல ஒண்ணு செய்ங்க. அன்னிக்கு வேணாம்னு சொல்றப்ப மூணு வரி எழுதினீங்களே, ஞாபகம் இருக்கா?

— இருக்குங்க.

— இங்கிலீஷ்ல எழுதினீங்க. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழ்ல சொல்லுங்க.

— வேணாங்க.

— சொல்லுங்க.

— "நீங்க இன்னும் கொஞ்சம் கத்துக்கிட்டு வந்தா நல்லாருக்கும்"ங்கற மாதிரி...

— அது மூணாவது வரி. அதுலயும் இவ்வளவு மரியாதையாவா எழுதினீங்க? எழுதுறப்ப மனசுல எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே சொல்லுங்க. மொத வரியிலருந்து.

— அம்மா இருக்காங்களே.

— அம்மாவுக்குத்தான் சொல்லச் சொல்றேன்.

— இந்தா, காப்பியப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுங்க தம்பி. நானும் கேக்கறேன்.

— "இது... இது காட்டுல எழுதி வைக்கற பயிர்க்கணக்கு. நாங்க இங்க உலகத்துக்கு வேல பாக்கறோம். காலண்டர்னா என்னன்னு மொதல்ல பாத்துட்டு வா. பட்டிக்காட்டுக்கு ஆப் செய்யற எடம் இல்ல இது."

— நாலு வரி ஆயிருச்சு.

— கடைசி வரி தனியா, ரெண்டு நிமிசங் கழிச்சுப் போட்டேங்க. அதுக்கு அஞ்சாறு பேரு சிரிக்கற பொம்மை போட்டாங்க.

— ஏலே! எம்மகளையா இப்பிடிச் சொன்ன?

— அம்மா, சத்தம் போடாத.

— சத்தம் போடாம? அந்த மாசம் பூரா இவ சோறு தண்ணி சரியா எறங்காமக் கெடந்தாளே! எவனோ ஒருத்தன் மனசக் கெடுத்துட்டான்னு நெனச்சு, நான் இவ போனப் பிடுங்கி அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சேன்டா. மன்னவனூருலருந்து பொண்ணு பாக்க ஆளக் கூட்டியாந்தேன். இவ ஒண்ணுஞ் சொல்லாம அவக முன்னாடி வந்து நின்னா. ஏன்டி, அப்பவே சொல்லிருக்கலாம்ல?

— என்னன்னு சொல்ல? என்னையும் உன்னையும் சேத்து பட்டிக்காடுன்னு ஒருத்தன் எழுதிட்டான், அத ஊரு உலகமே பாத்துச்சுன்னா? எனக்கே வெக்கமா இருந்துச்சும்மா. நாந்தான் என்னமோ தெரியாத்தனமா பெரிய எடத்துல போயி நின்னுட்டேன்னு நெனச்சேன்.

— நீ எதுக்குடி வெக்கப்படணும்? இந்தா, இவுக படணும். பட்டணத்துல பொறந்து வளந்து, எங்க பொழப்பப் பாத்து சிரிக்கறீக. பூண்டு ஊணி நாள் எண்ணுறது உங்களுக்கு எங்க தெரியப் போகுது?

— தெரியும்மா.

— என்ன தெரியும்?

— எல்லாந் தெரியும். நான் இந்தா, பக்கத்துப் போளூரும்மா.

— அட்டுவம்பட்டின்ன?

— இங்கன யாரு கேட்டாலும் அட்டுவம்பட்டின்னு சொல்லுவேன். அட்டுவம்பட்டில கேட்டா பெங்களூருன்னு சொல்லுவேன். புராஜெக்ட்லயும் பெங்களூருன்னுதான் போட்டு வச்சிருக்கேன்.

— இப்பவாச்சும் சொன்னீங்களே.

— பத்தாவது வரைக்கும் அங்கதாங்க. நீங்க அனுப்பினதத் தொறந்த ஒடனே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அங்க இருக்கறதுல வேற யாருக்கும் புரியல. எனக்குப் புரிஞ்சுது. எங்க வீட்ல பூண்டு ஊணின அன்னைக்கு அப்பா அடுப்புக்கரிய எடுத்து சுவத்துல ஒரு கோடு போடுவாரு. தெனமும் ஒண்ணு. லீவுக்கு வர்ற என் கூட்டாளிங்க கண்ணுல பட்டுரக் கூடாதுன்னு அதுக்கு மேல நான் சாமி படக் காலண்டர மாட்டி வைப்பேன்.

— புரிஞ்சுமா அப்பிடி எழுதினீங்க?

— புரிஞ்சதுனாலதாங்க எழுதினேன். பேருக்குப் பக்கத்துல கூக்கால்னு வேற போட்டிருந்தீங்க. எவனாவது மேப்பத் தேடிப் பாத்து, இவனும் அந்தப் பக்கந்தான்னு கண்டுபிடிச்சிருவானோன்னு பயந்துட்டேன். நாந்தான் மொதல்ல சிரிக்கணும், அப்பத்தான் என்னைப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். என்னா புத்தி பாருங்க.

— அப்புறம் எதுக்கு எடுத்தீங்க?

— வெளிநாட்டுல ஒரு நர்சம்மா கேட்டாங்க. ஆபரேசன் முடிஞ்சு பத்தாம் நாள் தையல் பிரிக்கணும், முப்பதாம் நாள் திரும்பப் பாக்கணும், அத எண்ணிச் சொல்ற காலண்டர் வேணும்னு. எல்லாரும் அருமையான யோசனைன்னாங்க.

— அவங்க கேட்டா யோசனை. நான் கேட்டா பயிர்க்கணக்கு.

— ஆமாங்க. உங்களோடத எடுத்து, பூண்டுன்னு இருந்த எடத்துல எல்லாம் மருந்துன்னு மாத்தினேன். ஒரே வாரம். கைதட்டுனாங்க. நானும் நன்றி நன்றின்னு பதில் எழுதிக்கிட்டே இருந்தேன். வெக்கமா இருக்குங்க. பஸ்ஸுல வர்றப்பவே இருந்துச்சு. இந்தக் காப்பியக் கையில வாங்கினதும் தாங்க முடியல.

— போளூர்ல யாரு மகன் நீ?

— நாச்சிமுத்து மகம்மா.

— நாச்சிமுத்து அண்ணன் மகனா? அடப்பாவி! பஸ்ஸுல ஏறினா எறங்கற வரைக்கும் எம்மவன் எம்மவன்னு பக்கத்துல இருக்கறவகள ஒரு வழி பண்ணிருவாரே! உலகத்துக்கே எம்மவன்தான் கம்ப்யூட்டர் செஞ்சு குடுக்கான்னு. அவருக்குத் தெரியுமா நீ செஞ்சிருக்கற வேல?

— நேத்துத்தான் தெரியும். கூக்கால்ல கம்ப்யூட்டர் படிச்ச சண்முகப்பிரியாங்கறது யாரு வீட்டுப் பிள்ளைன்னு போன் போட்டுக் கேட்டேன். எதுக்குன்னு கேட்டாரு. என்னமோ, பொய் சொல்ல வாய் வரல, எல்லாத்தையும் கொட்டிட்டேன். சுவத்துல கோடு போட்ட கதையவும் சேத்து. உங்க வீட்டு அடையாளத்த மட்டும் சொல்லிட்டு வச்சிட்டாரு. அதுக்கப்புறம் பத்துத் தடவ போட்டுட்டேன், எடுக்கவே இல்ல.

— எப்பிடி எடுப்பாரு? அந்த மனுசன் மொகத்த எங்க கொண்டு போயி வைப்பாரு?

— விடும்மா.

— என்னத்த விட? பேசாம இருடி. உனக்கு எரக்கம் ஒண்ணுதான் கொறச்சல். ஒரு வரியும் எழுதிக் குடுக்காத. பாத்திரச் செட்டு கொறையாப் போனாப் போகட்டும்.

— அம்மா சொல்றது சரிதாங்க. நீங்க எழுத வேணாம். அதக் கேக்க வந்தேனே, அதுவே கேவலம். நானே எழுதிர்றேன். இவங்க எழுதினது, நான் பேர அழிச்சேன், கேவலமாப் பேசி வெரட்டினேன்னு. நான் போளூர்க்காரன்னும் எழுதிர்றேன். காலண்டர எடுத்தா எடுக்கட்டும், என்னையும் தூக்கட்டும். பூம்பாறை தாண்டினதுலருந்து சிக்னலே இல்ல. மேக்காட்டுல கெடைக்கும்னு சொன்னீங்களேம்மா, எந்தப் பக்கம்?

— நெசமாவா சொல்ற?

— நெசமாத்தாம்மா. வெரசாப் போனா பொழுது சாயறதுக்குள்ள எழுதிரலாம்.

— உக்காருங்க கோகுல்ராஜ்.

— இல்லைங்க, இப்ப விட்டா எனக்கு மறுபடி தைரியம் வராது.

— நீங்க ஏறிப் போயி பிரயோசனம் இல்ல. நான் பத்து மணிக்கே எழுதிப் போட்டுட்டு வந்துட்டேன்.

— என்ன எழுதினீங்க?

— நான் மனசறிஞ்சுதான் குடுத்தேன், ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஊரு, சேந்துதான் செஞ்சோம்னு. ஜெர்மனிக்காரங்க சந்தோசம்னு பதிலும் போட்டுட்டாங்க. உங்க பன்னெண்டும் நாளைக்குப் போகும்.

— அது பொய்யாச்சேங்க!

— பொய்தான்.

— ஏன்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?

— நீ இருட்டோடயே காட்டுக்குப் போயிட்டம்மா.

— பத்து மணிக்கு நான் இன்னும் வந்து வாயத் தொறந்து கேட்டிருக்கவே இல்லையேங்க. அதுக்கு முன்னாடியே எதுக்கு எனக்காக...

— உங்களுக்காக எழுதலைங்க. உங்கப்பா விடிஞ்சும் விடியாம ஜீப்புல வந்து எறங்கி, எம்மவன மன்னிச்சிரு தாயின்னு, நான் பிடிக்கறதுக்குள்ள எங்கால்ல விழுந்துட்டாருங்க.