மூக்கோட மூக்கு

நல்ல மேனேஜரா? யாரு, வெண்டல் ப்ரூக்னரா? இதைக் கேக்கவாம்மா இவ்வளவு தூரம் கார் ஓட்டிட்டு வந்த? போன்ல கேட்டிருந்தா போன்லயே சிரிச்சிருப்பேனே.

சரி சரி, உக்காரு, கோவிச்சுக்காத. உங்க டீமுக்குப் புது மேனேஜர் வேணும், வெண்டல் பேரு அடிபடுது, உங்க முதலாளி விசாரிச்சுட்டு வான்னு அனுப்பியிருக்காரு. பொண்ணு குடுக்குறதுக்கு முன்னாடி நாலு இடத்துல விசாரிக்கிற மாதிரி. நியாயந்தான். ஆனா அதுக்கு இந்த ஆர்லோ மாதிரி ஒரு அம்பயர்கிட்டயா வருவாங்க? அந்தாளு இருபது வருஷமா என் மூஞ்சிக்கு நேரா கத்துனவன். என்கிட்ட வந்து நல்லவனா கெட்டவனாங்குற. காபியை நீயே ஊத்திக்கோ. என் வீட்டுக்காரி மேவிஸ் சர்ச்சுக்குப் போயிருக்கா, வர நேரமாகும்.

முதல்ல அந்த உடுப்பைச் சொல்லணும். கூடைப்பந்துல பாரு, கோச்சு கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு கௌரவமா நிப்பான். நம்ம பேஸ்பால்ல கோச்சுக்கு மேனேஜர்னு பேரு, இங்க மட்டும்தான் அறுபது வயசு ஆளு, பசங்க போடுற அதே இறுக்கமான கால்சட்டையை மாட்டி, முதுகுல நம்பரையும் ஒட்டிக்கிட்டு வருவான், என்னமோ இவனையும் கூப்பிட்டு ஓடச் சொல்லப் போற மாதிரி. வெண்டலோட பெல்ட்டை யாரும் பாத்ததில்லை. தொந்திக்கு அடியில எங்கயோ கெடக்குதுன்னு ஒரு நம்பிக்கைதான். வாயில எந்நேரமும் சூரியகாந்தி விதை. அவன் நின்ன இடத்தைப் பாத்தா கோழி மேஞ்ச மாதிரி இருக்கும்.

புத்தியா? அதையும் கேளு. நல்லாப் பந்து வீசிக்கிட்டு இருக்கிற பையனைப் போய் ஆட்டத்துல இருந்து எடுத்துருவான். அடி மேல அடி வாங்குறவனை விட்டு வைப்பான். எடுக்க மைதானத்துக்குள்ள போறப்பவாவது வெரசாப் போறானா? பொணத்துக்குப் பின்னாடி போற மாதிரி ஒரு நடை. நாலாயிரம் பேரு கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ஏன்டா அவனை எடுத்தேன்னு பேப்பர்க்காரன் கேட்டா மனசுல பட்டுச்சும்பான். மனசுல படுறதுக்கு இவன் என்ன குறி சொல்றவனா?

என்னது, கம்ப்யூட்டர்ல அப்படியா சொல்லுது? ஒரே ஒரு ரன் வித்தியாசத்துல ஜெயிச்சது இவன்தான் அதிகமா? காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. காக்காவுக்குச் சம்பளம் ஏத்தச் சொல்லு உங்க முதலாளியை.

பசங்களுக்கு அவனைப் பிடிக்கும், அது வாஸ்தவம். ஏன் பிடிக்காது, திட்டுனாத்தானே? அடி வாங்குறவனை ஏன்டா விட்டு வைக்கிறேன்னு நானே ஒரு நாள் கேட்டுட்டேன். இன்னைக்கு இவனைப் பாதியில எடுத்தா நாளைக்கு எந்திரிக்க மாட்டான் ஆர்லோங்குறான். அட மடையா, ஆட்டம் இன்னைக்குல்ல நடக்குது! டிக்கெட் வாங்குனவன் நாளைக்கு ஜெயிக்கிறதைப் பாக்கவா வந்தான்? இதுதான் அவன் லட்சணம். எழுதிக்கோ, எழுதிக்கோ.

எங்க வச்சுக் கேட்டேனா? நல்லா கேட்ட போ. மைதானத்துல வச்சுத்தான். வேற எங்க கேக்குறது? அம்பயரும் மேனேஜரும் வெளிய ஒண்ணா உக்காந்து ஒரு காபி குடிச்சாப் போதும், போட்டி நடத்துற லீக்ல கூப்பிட்டு விசாரிப்பாங்க. அதனால பேசணும்னா சண்டை போட்டாத்தான் உண்டு. அவன் தொந்தியைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவான், தொப்பியைத் திருப்பி வச்சுக்குவான், மூக்கோட மூக்கு உரசுற மாதிரி வந்து நிப்பான், கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவான். ஜனங்க எந்திரிச்சு நின்னு விசில் அடிப்பாங்க. என்ன கத்துனான்னு நினைக்கிற? மேவிஸுக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சே, மாடிப்படி ஏறுறாளான்னு கேட்டான். கையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்மா! நானும் விரலை நீட்டி, மூஞ்சியை உர்ருன்னு வச்சுக்கிட்டு, ஏறுறா, இறங்கத்தான் பயப்படுறான்னு கத்துனேன். மறுநாள் பேப்பர்ல எங்க போட்டோ, ஜென்மப் பகையாளிங்கன்னு. மேவிஸ் வெட்டி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சா.

எல்லாமே நாடகம்னு சொல்லலை. முக்காவாசி நெசமாவே திட்டுவான், என் அம்மாவைக்கூட விட மாட்டான். நானும் சும்மா இருப்பேனா? கையை வீசி, போடா வெளியேன்னு அனுப்பிருவேன். அனுப்பிட்டா அப்புறம் டிரெஸ்ஸிங் ரூம்ல போய் உக்காந்துக்க வேண்டியதுதான், டீம் பக்கமே தலை காட்டக் கூடாது.

ம். அந்த ஆட்டம். அதுக்குத்தான் வந்திருக்கன்னு நீ கதவைத் தட்டினப்பவே தெரியும். மூணு வருஷமா எவன் இங்க வந்தாலும் அதைத்தான் கேக்குறான். உங்க முதலாளி என்ன சொல்றாரு? கோவக்காரன், கோப்பை ஆட்டத்துல டீமை அநாதையா விட்டுட்டுப் போனவன், இவனை நம்பி எப்படிப் பசங்களைக் குடுக்குறதுன்னா? ஆமா, ஊரே அதைத்தான் சொல்லுது. வெண்டலும் ஒரு நாள் கூட மறுத்துப் பேசலை. அதுக்கப்புறம் ஒருத்தனும் வேலை குடுக்கலை. இப்ப ஹார்டுவேர் கடையில பெயிண்ட் கலக்குறான். நீங்களும் வேண்டாம்னுட்டா அவ்வளவுதான், அந்த வயசுக்கு மேல எவன் கூப்பிடுவான்?

நீ வீடியோ பாத்திருப்ப. ஒம்பதுல ஏழாவது இன்னிங்ஸ், ரெண்டு பேரு ஓடுறதுக்குத் தயாரா நிக்கிறாங்க, வெண்டல் டீம் ஒரு ரன் பின்தங்கி இருக்குது. மட்டை பிடிக்கிறவன் அவன் டீம் பையன், நல்லா அடிக்கிறவன். பந்து வருது. பையன் அடிக்காம விட்டுட்டான், வெளிய போற பந்துன்னு. நான் உள்ளன்னு கையைத் தூக்கிட்டேன். உள்ள வந்ததை அடிக்காம விட்ட கணக்குல அவனுக்கு அது மூணாவது தப்பு. பையன் அவுட். வெண்டல் ஓடி வந்தான். தொப்பியை வீசுனான், காலால மண்ணை வாரி என் ஷூ மேல போட்டான், அப்படி ஒரு ஆட்டம் ஆடுனான். அரை நிமிஷம் கூட ஆகலை, நான் வெளிய அனுப்பிட்டேன். மிச்ச ஆட்டத்தை அவனுக்கு அடுத்த ஆளு நடத்தித் தோத்தான், அதே ஒரு ரன்ல.

அப்ப என்ன சொன்னான்னா கேக்குற? மேவிஸைத் தவிர ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. சொல்லக் கூடாதுன்னு அவன் கேக்கலை. நானாத்தான் சொல்லலை, வெக்கமா இருந்துச்சு.

மூக்கோட மூக்கு வச்சு, கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னான்: ஆர்லோ, அந்தப் பந்து ஒரு சாண் வெளிய போச்சு. உனக்குத் தெரியலை. ரெண்டு மூணு வாரமாவே உனக்குத் தெரியலை, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கூட்டத்துல லீக் ஆளு உக்காந்திருக்கான். என்னைச் சீக்கிரம் வெளிய அனுப்பு, ஊரு என்னைப் பத்திப் பேசட்டும், பந்தைப் பத்திப் பேச வேண்டாம். திங்கக்கெழமை போய்க் கண்ணைக் காட்டு. நீயாப் போய்ட்டேன்னு இருக்கட்டும், தொரத்துனாங்கன்னு வேண்டாம்.

இவ்வளவுதான். சொல்லிட்டுத் தொப்பியை வீசுனான்.

திங்கக்கெழமை போனேன். டாக்டர் என்னென்னமோ பேரு சொன்னாரு. நடுவுல உள்ளது போயிருச்சு, ஓரத்துல இருக்கிறது மட்டும் தெரியும். இப்பக்கூட உன் காது தெரியுது, தோடு தெரியுது, மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுமில்லை. கெட்டுப் போகுதுன்னு எனக்கே லேசாத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. கண்ணாடி மாத்துனாச் சரியாயிரும்னு நானே என்னை ஏமாத்திக்கிட்டேன். அந்த மாசமே வேலையை விட்டேன். பெரிய விருந்து வச்சாங்க, எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டுனாங்க. வெண்டல் வரலை. பகையாளி எப்படி வருவான்?

ஆக, நல்ல மேனேஜரான்னு கேட்டா, சத்தியமா இல்லம்மா. நல்ல மேனேஜரா இருந்தா அந்த ரெண்டு மூணு வாரத்துல லீக்குக்கு ஒரு போன் போட்டிருப்பான், என்னைத் தூக்கியிருப்பாங்க, கோப்பை இப்ப அவன் வீட்டுல இருக்கும். படு முட்டாப்பய. அதை அப்படியே உங்க முதலாளிகிட்ட சொல்லு.

கூடவே இன்னொண்ணும் சொல்லு. என் பேரைப் போட்டே சொல்லு, பேப்பர்ல வந்தாலும் பரவாயில்லை, விருந்து வச்சவங்க என்னை என்ன நினைச்சாலும் பரவாயில்லை. ஒரு தடவை குடுத்த தீர்ப்பை நான் மாத்துனதே கிடையாது. இதை மாத்துறேன். அந்தப் பந்து வெளியதாம்மா போச்சு.