சவப்பெட்டிக் கடைப் பிரியாணி

வில்லியனூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த அக்கா சாதாரணமாகச் சொன்னார்.

"என் கடையில பிரியாணி துன்னா, சவப்பெட்டி வாங்கினதா மெசேஜ் போவுது."

பக்கத்திலிருந்த பெண் திரும்பினார். "இன்னாக்கா சொல்ற?"

"கார்டு தேய்க்கற மெஷின் வாங்கினேன். அத பேங்கோட சேக்க கடை லைசென்ஸ் கேட்டானுங்க. எங்கிட்ட ஏது? தம்பியோட சவப்பெட்டிக் கடை லைசென்ஸக் குடுத்தேன். அந்தப் பேர்லயே ஏத்திட்டானுங்க."

"அதனால இன்னா?"

"போன வாரம் ஒரு மெக்கானிக் துன்னுட்டு கார்டு தேச்சான். மெசேஜ் பொண்டாட்டி போனுக்குப் போயிருக்கு. ஒடம்பு முடியாத மாமியா போய்ச் சேந்துட்டாங்கன்னு அவ மாலை வாங்கினு ஓடியிருக்கா. கதவத் தொறந்ததே மாமியாதான்."

கேட்டவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்புறம் புருசன் துன்னது பிரியாணின்னு தெரிஞ்சு, அவன இழுத்துனு என் கடைக்கு வந்துட்டா. 'மாமியா செத்திருந்தாகூட அழுதுட்டு வுட்டிருப்பேன். தவக்காலத்துல கறி தொடமாட்டேன்னு மாதா கோயில்ல சொல்லிட்டு இங்க வந்து துன்றானே'ன்னு ஒரே கத்து. கடையே போச்சுன்னு நெனச்சேன்."

"இப்ப இன்னா பண்ணப் போற?"

"சொந்தமா லைசென்ஸ் வாங்கிட்டேன். மெஷின்ல பேர மாத்தத்தான் போறேன். ஆனா கடைக்குத் துன்ன வர்ற மத்த ஆம்பளைங்க கெஞ்சறானுங்க."

"இன்னான்னு?"

"ஈஸ்டர் வரைக்கும் பிரியாணின்னு போடாதக்கா, மெழுகுவத்திக் கடைன்னு போடுன்னு."